கடலுக்குப் போகாத நாளில் ஒரு மணி நேரம்: எங்கள் ஊர் அப்பாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். மண்டபம் ஒன்றியத்தில், வடகடல் ஓரத்தில் இருக்கிற நம் ஊர் நடுநிலைப் பள்ளியிலிருந்து டீச்சர் எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. டிசம்பர் 24-லிருந்து விடுமுறை. அதற்குள் பள்ளியில் நடக்கப்போகிற காரியங்களைச் சொல்லவும், உங்களிடம் ஒன்று கேட்கவும்தான் இந்த மடல். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிற சீட்டு அம்மாமார் கையோடு நின்றுபோகிறது. அதனால் ஊருக்கே தெரிகிற மாதிரி, உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

போன மாதம் மூன்றாம் வகுப்பில் 'என் அப்பா' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை எழுதியதை அப்படியே தருகிறேன்:

"என் அப்பா திங்கள், புதன், சனி கடலுக்குப் போவார். மறுநாள் காலையில் வருவார். வந்ததும் தூங்குவார். எனக்கு நண்டு சுட்டுத் தருவார். என் அப்பா என் ஸ்கூலைப் பார்த்ததே இல்லை."

ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான்கு வரிக்கும் சரி போட்டுவிட்டேன். ஐந்தாவது வரிக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். அந்த நோட்டு இரண்டு நாள் என் மேஜையிலேயே கிடந்தது.

இதைப் படித்து யாரும் மனம் நோக வேண்டாம். இது யார் வீட்டுப் பிள்ளை என்று தேடவும் வேண்டாம். நம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இதே வரியை எழுதலாம். அதுவுமில்லாமல் இதில் பெரிய பங்கு எங்கள் தவறு. பதினோரு வருஷமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், ஆண்டு விழா எல்லாவற்றையும் எங்கள் வசதிக்குத்தான் வைத்தோம். காலண்டரில் பண்டிகை பார்த்தோம், அதிகாரிகள் வருகிற தேதி பார்த்தோம். படகு போகிற நாளைப் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, அப்பாமார் ஒருத்தரையும் காணோமே என்று ஆசிரியர் அறையில் குறைப்பட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் நீங்கள் கரை தெரியாத தூரத்தில் வலை இறக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது முதுகுளத்தூர் பக்கம். கண்மாயும் கருவேலமும் தெரியும், கடல் தெரியாது. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி. நாட்டுப்படகுக்கு மற்ற நான்கு நாட்கள் என்று இந்தப் பக்கத்துக் கடலில் முறை இருப்பதே இங்கே வந்து பல மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நம் ஊர் அப்பாமார் எல்லோரும் ஒன்றாகக் கரையில் நிற்கிற நாள் என்று வாரத்தில் ஒரு நாள்கூட இல்லை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் எல்லோரும் கரையில் இருப்பீர்கள்; அன்றைக்கு மழை விடுமுறை என்று பள்ளியும் பூட்டியிருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள் விசைப்படகு நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் கோடை விடுமுறையில் போய்விடுகிறது. இப்படி நீங்கள் கரையில் இருக்கும்போது பள்ளி இல்லை, பள்ளி இருக்கும்போது நீங்கள் இல்லை. இப்படியே எட்டு வருஷம் ஓடிவிடுகிறது. பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்க வருகிற அன்றைக்குத்தான் சில அப்பாமாரை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அதனால் இந்த முறை மாற்றியிருக்கிறோம். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரே கூட்டத்தை இரண்டு தடவை நடத்துகிறோம். புதன்கிழமை மதியம் 3 மணிக்கு நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு. வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு விசைப்படகுக் குடும்பங்களுக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். சனிக்கிழமை போவதற்கு ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும் என்பது தெரியும். நான்கு மணிக்கெல்லாம் விட்டுவிடுவோம். பாசி எடுக்கவும் கருவாட்டு வேலைக்கும் போகிற அம்மாமார் எந்த நாளில் வந்தாலும் சரி. அவர்கள் எப்போதும் வருகிறவர்கள்தான், இதுவரை நம் பள்ளியைத் தாங்கியதும் அவர்கள்தான்.

கூட்டம் என்றதும் வரிசையாக உட்கார வைத்து நாங்கள் பேச, நீங்கள் கேட்பது என்று நினைத்துவிடாதீர்கள். மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது. உங்கள் பிள்ளை உட்காருகிற பெஞ்சில் பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும். பிள்ளை ஒரு பக்கம் வாசித்துக் காட்டும், நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர், நான் வந்து என்ன செய்ய என்று ஒரு அண்ணன் கேட்டார். வாசிக்கப்போவது பிள்ளை, உங்களுக்குக் காது இருந்தால் போதும் என்றேன். பிள்ளை தடுமாறினால் திருத்த நாங்கள் இருக்கிறோம். தடுமாறாமல் வாசித்தால் அந்த நேரத்தில் அது நிமிர்ந்து உங்கள் முகத்தைத்தான் பார்க்கும், என் முகத்தை அல்ல.

அப்புறம், நீங்கள் கொடுக்க வேண்டிய சில பதில்கள் பாக்கி இருக்கின்றன. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் வந்த முதல் வருஷம் நான்காம் வகுப்பில் திசைகள் பாடம் நடத்தினேன். வடக்கு எது, தெற்கு எது என்று கரும்பலகையில் படம் போட்டுக் கேட்டால் ஒரு பையன் திருதிருவென்று விழித்தான். வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன். கடலைப் பார்த்து நின்றுகொண்டு, "டீச்சர், வாடை இங்கிட்டிருந்து வரும், கொண்டல் இங்கிட்டிருந்து, சோழகம் அங்கிட்டிருந்து, கச்சான் அந்தப் பக்கம்" என்று நான்கு பக்கமும் கை காட்டினான். நான்கு திசையும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. காற்றின் பெயரில் தெரிந்திருந்தது. பாடப்புத்தகத்தின் பெயரைத்தான் அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த புத்திதான் இப்போது 'கடல் அகராதி'யாக வளர்ந்து நிற்கிறது.

ஜூன் மாதத்திலிருந்து ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பெரிய நோட்டில் கடலோரச் சொற்களைச் சேர்த்து வருகிறார்கள். மீன் பெயர்கள் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. சீலா, பாறை, ஊளி, விளைமீன், நகரை, காரல், சூடை என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் படமும் வரைந்திருக்கிறார்கள். கடல்பசுவுக்கு ஆவுளியா என்ற பெயரை ஒரு பாட்டியிடமிருந்து வாங்கி வந்தார்கள். பாசி பற்றிய பக்கங்களை அம்மாமார் நிரப்பினார்கள்: மரிக்கொழுந்து எந்தப் பாறையில் இருக்கும், கஞ்சிப்பாசி எது, தண்ணீர் எப்போது வற்றும், கையில் துணி எப்படிச் சுற்ற வேண்டும் எல்லாம் இருக்கிறது. கரையில் தெரிகிற சொற்கள் அனைத்தும் சேர்ந்துவிட்டன.

கரையைத் தாண்டிய சொற்கள்தான் இல்லை. நீரோட்டத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் நான்கே வரி. நட்சத்திரங்களுக்கு ஒரு பக்கம், அதில் விடிவெள்ளி மட்டும் தனியாக இருக்கிறது. வலை விட்ட இடத்தை இருட்டில் எப்படி அடையாளம் வைப்பார்கள், மேகத்தைப் பார்த்து எப்படித் திரும்புவார்கள் என்ற பக்கங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள்: "அப்பாவிடம் கேட்க வேண்டும்." இன்னொரு கையெழுத்தில், "அத்தாகிட்ட கேக்கணும்." அதற்குக் கீழே, "வாப்பா வந்ததும்." அந்த நோட்டைப் புரட்டினால் உங்களுக்காகக் காத்திருக்கிற வெற்றிடங்கள்தான் அதிகம். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதை உங்கள் முன்னால் வைப்போம். நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அதே நாளில் கணக்கு வகுப்புக்கும் உங்கள் உதவி வேண்டும். டிசம்பர் 22 கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். அதை ஒட்டி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாம்பன் புதுப் பாலத்தைக் கணக்காக எடுத்திருக்கிறார்கள். ரயில் பாலத்தின் மேலே தூக்குகிற பகுதி 72.5 மீட்டர் நீளம். அது அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். இதை நீங்கள் ஆழம் அளக்கிற கணக்கில், பாகத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பிள்ளைகள் தங்கள் கையை விரித்து அளந்தார்கள், ஆளுக்கு ஒரு விடை வந்தது. ஒருத்திக்கு ஐம்பதைத் தாண்டியது. பெரிய ஆள் கையால் அளந்தால் ஏறக்குறைய 40 வரும் என்று நான் சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள். 'எங்க அப்பா கையை அளக்கணும் டீச்சர்' என்கிறார்கள். ஆகவே வருகிற எல்லோரும் சுவரோரமாக நின்று கையை விரிக்க வேண்டியிருக்கும். டேப் தயாராக இருக்கிறது.

இனி மற்ற செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் அம்பா பாடினார்கள். கரைவலை இழுக்கும்போது முன்பு பாடிய பாட்டை ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வாரம் சொல்லிக் கொடுத்தார். ஒன்றிய அளவில் பரிசு வந்தது. மாவட்ட அளவில் வரவில்லை, ஆனால் ராமநாதபுரத்தில் அரங்கமே தாளம் போட்டது. 'மகிழ் முற்றம்' திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணியாகப் பிரித்திருக்கிறோம். சீட்டு எடுத்துத்தான் அணி. நெய்தல் கிடைக்காத பிள்ளைகள் முதல் நாள் அழுதார்கள், "நாங்க கடக்கரைப் பிள்ளைக, நாங்க எப்படி டீச்சர் பாலை?" என்று. இந்தப் பருவத்தில் முன்னால் இருப்பது பாலை அணி, அழுகை நின்றுவிட்டது. மழையில் ஒழுகிய இரண்டாம் வகுப்பு அறைக் கூரையைச் சரிசெய்துவிட்டார்கள். குடிநீர் இன்னும் உப்பாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். இதை எழுதுவதற்கு முன் பல தடவை யோசித்தேன்.

சில வருஷங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவான். அரையாண்டு விடுமுறை வந்தது. சும்மா வீட்டில்தானே கிடக்கிறான், ஒரு நாள் வரட்டும் என்று படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் என்பது விடுமுறை முழுக்க ஆனது. கையில் காசு வந்தது, ஒரு செல்போன் வந்தது. ஜனவரியில் பள்ளிக்கு வந்தான், ஆனால் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். கேள்வி கேட்டால் சிரிப்பான். பொங்கலுக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தான். அந்த மூன்று நாளும் எந்த மூன்று நாள் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடிந்ததும் உயர்நிலைப் பள்ளியில் சேரவில்லை. நான் வீட்டுக்கு மூன்று முறை போனேன். அவன் அம்மா அழுதார். அவன் அப்பாவை மூன்று முறையும் பார்க்க முடியவில்லை, கடலில் இருந்தார்.

இப்போதும் அந்தப் பையனைப் பார்க்கிறேன். பஸ் நிறுத்தத்தில் கண்டால் ஓடிவந்து என் பையை வாங்கிக்கொள்வான். மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், "ஒம்பதாவது சேந்திருக்கணும் டீச்சர்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த விடுமுறைக்கு முன்னால் அவன் அப்பாவிடம் ஒரு மணி நேரம் நான் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடல் தொழில் குறைந்தது என்று ஒருநாளும் நான் வகுப்பில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். என் சம்பளம்போல மாதம் பிறந்தால் வருகிற காசல்ல உங்களுடையது என்பது தெரியும். டீசல் கடனும் வலைக் கடனும் கழித்துப் பங்கு பிரித்தால் சில நாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறீர்கள் என்பதும் தெரியும். பிள்ளையின் கை கொஞ்சம் தாங்கும் என்று தோன்றுவது இயல்புதான். நான் கேட்பது இதுதான்: இந்தப் பத்து நாள் விடுமுறையில் பள்ளிப் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள். கரையில் உங்களோடு உட்கார்ந்து வலை சீர் செய்யட்டும், நண்டு கழற்றட்டும், நீச்சல் பழகட்டும், அதெல்லாம் அவன் கற்க வேண்டியதுதான். ராத்திரிக் கடலும் கூலிக் காசும் இப்போது வேண்டாம். பெரியவனாகி, படிப்பை முடித்துவிட்டு, கடல்தான் எனக்கு வேண்டும் என்று அவனே வந்து நின்றால், முதல் ஆளாக நான் கரைக்கு வந்து வழியனுப்புகிறேன்.

படகு உரிமையாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சட்டத்தைக் காட்டி உங்களிடம் பேச நான் விரும்பவில்லை. இந்தப் பள்ளியின் சுற்றுச்சுவர் நீங்கள் கொடுத்த பணத்தில் எழுந்தது, அதை மறக்க மாட்டேன். ஆள் குறைகிறதே என்று ஒரு சிறுவனைக் கூப்பிடத் தோன்றுகிற அந்த ஒரு நிமிடத்தில் அவன் எந்த வகுப்பு என்று கேளுங்கள். பள்ளிப் பிள்ளை என்றால் இறக்கிவிடுங்கள்.

மேலே படித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கிற அப்பாமாருக்குச் சில தகவல்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022-இல் ஆரம்பித்தது. பையன்களுக்கும் 2024-லிருந்து 'தமிழ்ப் புதல்வன்' என்று அதே 1,000 ரூபாய் வருகிறது. எட்டாவதோடு நிறுத்தினால் இந்தக் கணக்கே கிடையாது. நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கே மண்டபம் முகாமில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீங்கள் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறீர்கள். 1949-லிருந்து 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே நம் மண்டபம்தான், பிறகுதான் கொச்சிக்குப் போனது. நாடு முழுவதும் கடல்மீனைப் படித்தவர்கள் நம் கரைக்கு வந்து படித்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்குள் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ஆராய்ச்சி செய்கிறவராக நுழைவதைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கடலும், இங்கே படித்த கணக்கும் அறிவியலும் ஒரே தலையில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஈடு யார்?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாவது முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. 'பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் எப்படி டீச்சர் அனுப்புறது' என்று அம்மாமார் கேட்பார்கள். ஆனால் முடிவு உங்கள் வாயிலிருந்துதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த வருஷம் எட்டாம் வகுப்பில் இருக்கிற பெண் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து போவதென்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். எந்த பஸ், எத்தனை மணி, திரும்பும்போது எது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை உங்களிடம் காட்ட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. கூட்டத்துக்கு வரும்போது அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது.

டிசம்பர் 22 மதியம் தேர்வு முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு பாட்டியைப் பேசச் சொல்லியிருக்கிறோம். 1964-இல் அதே தேதி இரவில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பாட்டி சின்னப் பிள்ளை. தனுஷ்கோடிப் பள்ளியில் தன்னோடு படித்தவர்களின் பெயரை இன்றும் வரிசையாகச் சொல்கிறார். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றுலாவில் பார்த்து செல்பி எடுத்த பிள்ளைகள், அங்கே ஒரு வருகைப் பதிவேடும் இருந்தது என்பதை அவர் வாயால் கேட்கட்டும். வெளியூர்ப் பள்ளி எதுவும் இதை நடத்த முடியாது. வர முடிந்தவர்கள் இதற்கும் வாருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். விடுமுறை நாட்களில் காலை உணவும் மதியச் சத்துணவும் பள்ளியில் இருக்காது. விடியற்காலையிலேயே அம்மா பாசிக்குப் போய்விடுகிற வீடுகளில் சின்னப் பிள்ளைகள் மத்தியானம் வரை தேநீரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் உங்கள் வீட்டுத் தட்டில் கொஞ்சம் சோறு வையுங்கள். இந்த ஊரில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி அப்பாவிடம் கேட்டு, பதிலை அவர் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். பத்து நாள், பத்துக் கேள்வி. தூங்கி எழுந்ததும் பிள்ளை நோட்டோடு வந்து நின்றால் விரட்டிவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஏழாம் வகுப்பில் ஒரு பையனின் அப்பா எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பொங்கலுக்குள் வந்துவிடுவார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பையன் தினமும் பள்ளிக்கு வருகிறான், நன்றாகப் படிக்கிறான், யாரிடமும் எதுவும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு லீவு போட்டுக்கொள்ளட்டுமா என்று நேற்று என்னிடம் கேட்டான். வேண்டாம், வா என்று சொல்லியிருக்கிறேன். அவன் 'கடல் அகராதி'யில் ஒரு பக்கம் முழுக்கத் தனியாக எழுதியிருக்கிறான், அதை வாசித்துக் காட்டப்போகிறான். அவன் அப்பாவோடு ஒரே படகில் போனவர்கள், அவரை அண்ணன் தம்பி என்று கூப்பிடுகிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து, அவன் பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவன் கூப்பிட மாட்டான், நீங்களாகவே போய் உட்காருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் டீச்சர்